டேங்க் வழிகிறது, மோட்டார் நிற்கவில்லை: தவறு புரோகிராமில் இல்லை

கேள்வி சுருக்கமாக: மடிப்பாக்கத்தில் இரண்டு மாடி வீடு. கீழே சம்ப், மொட்டை மாடியில் 1000 லிட்டர் சின்டெக்ஸ் டேங்க், தண்ணீர் ஏற்ற 1 எச்.பி. மோனோபிளாக் மோட்டார். வொய்ஃபை உள்ள குட்டிக் கணினியான நோட்எம்சியூ போர்டு, ஒலி அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் எச்சி-எஸ்ஆர்04 சென்சார், போர்டு சொன்னபடி போட்டு அணைக்கும் சுவிட்சான நீல நிற 10 ஆம்பியர் ரிலே மாட்யூல் மூன்றையும் வைத்து, தானாகப் போட்டு அணைக்கும் அமைப்பு ஒன்றைச் செய்திருக்கிறீர்கள். மூன்று வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு அளவு தாறுமாறாக வந்தது. ஒரு நாள் டேங்க் வழிந்தும் மோட்டார் நிற்கவில்லை. மெயினை அணைத்துத்தான் நிறுத்தினீர்கள். புரோகிராமில் எங்கே தவறு, வேறு எந்த சென்சார் வாங்கலாம் என்பது உங்கள் கேள்வி.

புரோகிராமை விட்டுவிடுங்கள். இங்கே இரண்டு பொருள்கள் தனித்தனியே செத்திருக்கின்றன. சென்சார் ஈரத்தில் போயிருக்கிறது. ரிலேயின் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது நடந்த பிறகு எந்த சென்சார் என்ன சொன்னாலும் மோட்டார் கேட்காது. உறுதி செய்துகொள்ள, எல்லா மின் இணைப்பையும் கழற்றிவிட்டு, ரிலேயின் காமன் (பொது), என்.ஓ. (சப்ளை இல்லாதபோது திறந்திருக்க வேண்டியது) முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ரிலேக்குச் சப்ளையே இல்லாத நிலையில் பீப் அடித்தால் ஒட்டிவிட்டது என்று பொருள். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒரு தட்டுத் தட்டினால் விடுபடலாம். விடுபட்டாலும் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மேடுபள்ளமான அந்த முனை அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

ரிலேயின் மேல் 10 ஆம்பியர் 250 வோல்ட் என்று அச்சிட்டிருப்பது பொய்யில்லை; அது பல்பு, ஹீட்டர் மாதிரியான சுமைக்கு. 1 எச்.பி. ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 5 முதல் 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு, அதாவது 30, 40 ஆம்பியர் வரை இழுக்கும். ரிலே முனை மூடும்போது ஒரேயடியாகப் போய் உட்காராது. சில மில்லிசெகண்ட் துள்ளும். அத்தனை கரண்டில் ஒவ்வொரு துள்ளலும் ஒரு குட்டி வெல்டிங்தான். 30 ஆம்பியர் என்று எழுதிய பெரிய ரிலேயை வாங்கிப் போடலாமே என்று தோன்றும். நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். மோட்டாருக்கு உரியது கான்டாக்டர், அதாவது மோட்டார் கரண்டைத் தாங்கவென்றே செய்த பெரிய மின்காந்த சுவிட்ச்.

கான்டாக்டரில் ஏசி-3 என்ற வகையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். மோட்டார் சுமைக்கான எண் அதுதான். பக்கத்திலேயே ஏசி-1 என்று பெரிய எண் ஒன்று இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உங்கள் மோட்டாருக்கு 12 ஆம்பியர் போதும், 18 என்றால் நிம்மதி. அதை இழுக்கும் மின்காந்தச் சுருள், அதாவது காயில், 230 வோல்ட் ஏசியாக இருக்கட்டும். மூன்று போல் (தனித்தனி மின்வழி) உள்ள கான்டாக்டரில் ஃபேஸ் ஒன்றில், நியூட்ரல் ஒன்றில், மூன்றாவது சும்மா. கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயும் சேர்த்தால் அதன் மூன்று போல் வழியாகவும் கரண்ட் ஓடும்படி தொடராக இணைக்க வேண்டும். இரண்டில் மட்டும் கொடுத்தால், ஒரு ஃபேஸ் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு காரணமில்லாமல் டிரிப் ஆகும் வகைகள் உண்டு. ஓவர்லோடின் அளவை மோட்டாரின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஆம்பியருக்கே திருப்பி வையுங்கள்.

கையில் இருப்பது போன்ற சின்ன ரிலேக்கு இனி மோட்டாரோடு நேர் உறவு கிடையாது. அது கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கும். அந்தச் சுமை அதற்குத் தூசு. ஆனால் காயில் விடுபடும்போது எழும் மின்துடிப்பு நோட்எம்சியூவை ரீசெட் செய்யும். மோட்டார் அணையும் ஒவ்வொரு முறையும் போர்டு மறுபடி பூட் ஆவதாகப் பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். மருந்து: 100 ஓம் அரை வாட் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 வகை கெப்பாசிட்டரும் தொடராக, காயிலின் இரு முனைகளுக்குக் குறுக்கே. ரிலேயின் முனைகளுக்குக் குறுக்கே போடாதீர்கள். அங்கே போட்டால் ரிலே திறந்திருக்கும்போதும் கெப்பாசிட்டர் வழியே சுமார் 7 மில்லிஆம்பியர் ஒழுகும். சில சின்ன கான்டாக்டர்கள் அதிலேயே விடாமல் உறுமிக்கொண்டிருக்கும்.

இந்தப் பகுதி முழுக்க 230 வோல்ட். எம்.சி.பி.யை அணைத்து, டெஸ்டரால் பார்த்த பிறகே கை வையுங்கள். பழக்கமில்லை என்றால் கான்டாக்டர் பெட்டியை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடலாம், அதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை. மோட்டார் உடம்புக்கு எர்த்து, அந்த லைனுக்கு மின்கசிவு வந்தால் அறுத்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டும் கட்டாயம். கான்டாக்டர் ஒரு பெட்டியில், நோட்எம்சியூ வேறு பெட்டியில். மேனுவல், ஆஃப், ஆட்டோ என்று மூன்று நிலை திருகு சுவிட்ச் ஒன்றும் முகப்பில் வேண்டும். நீங்கள் வெளியூரில் இருக்கும்போது போர்டு படுத்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் மோட்டார் போட லேப்டாப்பைத் தேடக் கூடாது.

அடுத்தது இந்த அமைப்பின் உயிர்நாடி. சென்சாரை விட முக்கியம். உங்கள் அமைப்பில் மோட்டார் நிற்க வேண்டுமானால் சென்சார் சரியாக அளக்க வேண்டும், வொய்ஃபை இருக்க வேண்டும், புரோகிராம் மாட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும், ரிலே விடுபட வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் டேங்க் வழியும். இதைத் தலைகீழாக்க வேண்டும்: எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே மோட்டார் ஓடும், எது அறுந்தாலும் நிற்கும். அதற்கு புரோகிராம் எழுத வேண்டாம், இரண்டு ஃப்ளோட் சுவிட்ச் போதும். காந்தமும், அது நெருங்கினால் இயங்கும் ரீட் சுவிட்சும் உள்ளே வைத்த, மிதவை ஏறி இறங்கும் சின்ன வகை. டேங்கின் உச்சியில், வழியும் குழாய்க்கு ஓரிரு அங்குலம் கீழே ஒன்று: தண்ணீர் தொட்டால் திறக்க வேண்டும். சம்பில் ஃபுட்வால்வுக்கு (உறிஞ்சும் குழாயின் அடிமுனை வால்வு) அரை அடி மேலே இன்னொன்று: தண்ணீர் இறங்கினால் திறக்க வேண்டும். மிதவையைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் திறப்பதும் மூடுவதும் இடம் மாறும். மாட்டும் முன் வாளியில் போட்டு மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு இப்படி: 12 வோல்ட் சப்ளையின் பாசிட்டிவிலிருந்து சம்ப் ஃப்ளோட், அங்கிருந்து மொட்டை மாடி ஃப்ளோட், திரும்பக் கீழே வந்து 12 வோல்ட் ரிலேயின் காயில், காயிலின் மறுமுனை ஒரு பிசி547 டிரான்சிஸ்டரின் கலெக்டர், எமிட்டர் கிரவுண்டுக்கு. காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு, வெள்ளைக் கோடு பாசிட்டிவ் பக்கம். நோட்எம்சியூவின் டி1 முனையிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக பேஸ், பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். அந்த வகை 12 வோல்ட் காயில் சுமார் 400 ஓம், எடுப்பது 30 மில்லிஆம்பியர். பிசி547-க்கும் ரீட் சுவிட்சுக்கும் சிரமமில்லை. இப்போது புரோகிராம் தொங்கிப்போய் டி1 உயர்ந்த நிலையிலேயே நின்றாலும், டேங்க் நிரம்பியதும் மிதவை காயிலை அறுத்துவிடும். கேபிளை எலி கடித்தாலும் அதே கதி: மோட்டார் நிற்கும்.

டி1 முனையைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி3, டி4, டி8 மூன்றும் பூட் ஆகும் முறையைத் தீர்மானிக்கும் முனைகள்; டி0 பூட் நேரத்தில் உயர்ந்து நிற்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் மோட்டார் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது என்றால் ரிலே இவற்றில் ஒன்றில் மாட்டியிருக்கும்.

சரி, சென்சார். எச்சி-எஸ்ஆர்04-இன் இரண்டு கண்களும் வலைபோட்ட திறந்த கண்கள். மூடிய டேங்கின் மேற்பகுதி பகலில் நீராவிக் குளியல், இரவில் மூடியின் உட்புறம் முழுக்க வியர்வை. அதற்குள் மூன்று வாரம் தாங்கியதே பெரிது. ஒற்றைக் கண்ணும் நீளமான கேபிளும் கொண்ட ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி வாங்குங்கள். கார் ரிவர்ஸ் சென்சார் மாதிரி இருக்கும். கண் மட்டும்தான் நீர் புகாதது, அதோடு வரும் சின்ன போர்டு அப்படியல்ல. போர்டு வெளியே, பெட்டிக்குள் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு குறை உண்டு: சுமார் 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதை ஒழுங்காக அளக்காது. தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்ததும் எண் திடீரென்று குதிக்கும், அல்லது காலியான டேங்க் போலக் காட்டும். சென்சாரை மட்டும் நம்பியிருந்தால் நிரம்பும் நேரத்தில்தான் கவிழ்த்துவிடும். மூடிக்கு மேல் குழாய்த் துண்டு வைத்து உயர்த்துவார்கள். அந்தக் குழாயின் விளிம்பே எதிரொலி கொடுத்து வேறு தொல்லை தரும். உங்களுக்கு அது தேவைப்படாது, நிரம்பியதைச் சொல்ல ஃப்ளோட் இருக்கிறதே. சென்சாரின் முக்கிய வேலை, எப்போது மோட்டார் போட வேண்டும் என்பதும், பாதி இருக்கிறதா கால் இருக்கிறதா என்று போனில் காட்டுவதும்தான். மூடியின் நடுவில், தண்ணீர் விழும் குழாய்க்கு எட்டி வையுங்கள்.

வெயிலுக்கு ஏற்ப ஒலியின் வேகம் மாறும்: 25 டிகிரியில் விநாடிக்கு 346 மீட்டர், 50 டிகிரியில் சுமார் 361. மே மாத மதியம் கறுப்பு டேங்கின் உள்ளே 1 மீட்டர் தூரத்தை 4 சென்டிமீட்டர் வரை குறைத்துக் காட்டும். 1.1 மீட்டர் விட்டமுள்ள டேங்கில் ஒரு சென்டிமீட்டர் என்பது சுமார் 9.5 லிட்டர், ஆக பிழை 40 லிட்டருக்குள். அதற்காக வெப்பச் சென்சார் ஒன்றைக் கூடுதலாக மாட்டுவது அழகுக்கு நல்லது, அவசியமில்லை. ஏழு முறை அளந்து, வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு பொய்யான எண் சராசரியைக் கெடுத்துவிடும்.

தண்ணீரில் கம்பி முக்கி அளக்கும் பழைய முறையைப் பலரும் சொல்வார்கள். நம்மூர் போர் தண்ணீரின் உப்புக்கு, விடாமல் டிசி ஓடும் செம்புக் கம்பி அரித்துப் பச்சை பூத்துவிடும். அந்தச் செம்பு போகுமிடம் உங்கள் குடிநீர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில், அளக்கும் கணத்தில் மட்டும் மின்சாரம் கொடுத்தால் சமாளிக்கலாம். ஃப்ளோட்டே மேல்.

மாடியிலிருந்து கீழே சேதி கொண்டுவருவது எப்படி? நோட்எம்சியூவையே மேலே வைத்து வொய்ஃபையில் பேசவைக்கலாம் என்று தோன்றும். இரண்டு கான்கிரீட் தளம் தாண்டி அது வந்தாலும், சப்ளை இடறும். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் கேட்6 கேபிளில் 20 மீட்டருக்கு ஒரு ஜோடி, போக வர 40 மீட்டர், ஏறக்குறைய 3 ஓம். வொய்ஃபை பேசும் கணத்தில் 300 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்தால் 5 வோல்ட்டில் 1 வோல்ட் வழியிலேயே காலி. மீதி 4 வோல்ட் போர்டில் இருக்கும் ரெகுலேட்டருக்குப் போதாது, ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும்.

ஃப்ளோட்டுக்காக எப்படியும் கேபிள் போகிறது. அதே கேபிளில் எல்லாவற்றையும் அனுப்புங்கள். மேலே ஆர்டுயினோ நானோ என்ற சின்ன போர்டும், நீளமான கேபிளில் சேதி அனுப்ப மேக்ஸ்485 மாட்யூலும். நானோ 5 வோல்ட்டில் ஓடுவதால் சென்சாரின் எக்கோ முனையை (அளவு வெளிவரும் முனை) நேரே கொடுக்கலாம். நோட்எம்சியூ என்றால் 1 கிலோ, 2 கிலோ ஓம் போட்டு 3.3 வோல்ட்டாகப் பிரிக்க வேண்டியிருக்கும். கீழே உங்கள் நோட்எம்சியூவோடு 3.3 வோல்ட்டில் ஓடும் மேக்ஸ்3485. மேலிருப்பது பேசிக்கொண்டே இருக்கும், கீழிருப்பது கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் மேலே டிஇ, ஆர்இ (அனுப்புவதையும் கேட்பதையும் திறந்து மூடும் முனைகள்) இரண்டையும் 5 வோல்ட்டிலும் கீழே இரண்டையும் கிரவுண்டிலும் நிரந்தரமாகக் கட்டிவிடலாம். விநாடிக்கு 9600 பிட் வேகம் தாராளம். கேபிளின் நான்கு ஜோடிகளில் ஒன்று 12 வோல்ட்டும் கிரவுண்டும், ஒன்று ஏ-பி சேதி, ஒன்று ஃப்ளோட், ஒன்று உபரி. ஏ-யும் பி-யும் ஒரே முறுக்கு ஜோடியில் இருக்க வேண்டும், பிரித்துப் போட்டால் முறுக்கினதற்கே பொருளில்லை. மேலே 12 வோல்ட்டை, வோல்டேஜ் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் மாட்யூலால் 5 ஆக்குங்கள். நானோவை மாட்டும் முன்பே அதன் திருகைத் திருப்பி மீட்டரில் 5 வோல்ட் பார்த்துவிட வேண்டும், கடையிலிருந்து வரும்போது எதில் நிற்கும் என்று சொல்ல முடியாது. 12 வோல்ட்டின் குறுக்கே இரு முனையிலும், திடீர் மின்னெழுச்சியை உறிஞ்சும் பி6கேஇ15ஏ டிவிஎஸ் டையோடு ஒவ்வொன்று. பக்கத்தில் இடி விழுந்தால் இது காப்பாற்றலாம். நேரே விழுந்தால் எதுவும் காப்பாற்றாது.

புரோகிராமில் எழுத வேண்டியவை கொஞ்சம்தான். அளவு 30 சதவீதத்துக்குக் கீழே போனால் போடு, 90-க்கு மேல் வந்தால் அணை. இரண்டும் பக்கத்துப் பக்கத்து எண்ணாக இருந்தால் அலை அடிக்கும்போதெல்லாம் கான்டாக்டர் டக்டக் என்று அடித்துக்கொண்டிருக்கும். மேலிருந்து 60 விநாடி சேதி வராவிட்டால் அணை. டேங்க் நிரம்ப வழக்கமாக எத்தனை நிமிடமோ அதன் ஒன்றேகால் மடங்குக்கு மேல் தொடர்ந்து ஓட விடாதே. கரண்ட் போய் வந்தால் 5 நிமிடம் பொறு. தெருவே ஒன்றாக மோட்டார் போடும் அந்த நேரத்தில் வோல்டேஜ் படுத்திருக்கும், குறைந்த வோல்டேஜில் மோட்டார் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் போட்ட 3 நிமிடத்தில் தண்ணீர் 2 சென்டிமீட்டர்கூட ஏறவில்லை என்றால் அணைத்துப் பூட்டு, பஸ்ஸர் அடி, மனிதர் வந்து பொத்தானை அழுத்தும்வரை திரும்பப் போடாதே. அரை மணியில் 1000 லிட்டர் ஏற்றும் மோட்டார் 3 நிமிடத்தில் 100 லிட்டர், அதாவது 10 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். வீட்டில் யாராவது குளித்துக்கொண்டிருந்தாலும் 2 ஏறிவிடும். ஏறவில்லை என்றால் ஃபுட்வால்வ் ஒழுகித் தண்ணீர் இறங்கிப்போய் மோட்டார் காற்றைச் சுற்றுகிறது, அல்லது வால்வை யாரோ மூடியிருக்கிறார்கள். வெறுமனே சுற்றினால் மெக்கானிக்கல் சீல் கருகும். கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஆம்பியர் குறைவதைப் பார்த்து இதையே கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒற்றை ஃபேஸ் மோட்டாரில் சுமை இல்லாதபோதும் கரண்ட் அவ்வளவாகக் குறையாது, எல்லைக்கோடு போடுவது கடினம். தண்ணீர் ஏறுகிறதா என்று தண்ணீரையே கேட்பது நேர்வழி. இதே போல, அணைத்த பிறகும் அளவு ஏறிக்கொண்டே இருந்தால் கான்டாக்டரே ஒட்டிவிட்டது: பஸ்ஸர் அடி.

போரில் சப்மெர்சிபிள் இருந்து, அதற்கும் இதையே செய்ய நினைத்தால் ஒரு நிமிடம். பல பேனல்களில் பச்சைப் பொத்தானை இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்கச் சொல்வது ஸ்டார்ட் கெப்பாசிட்டர் அந்தப் பொத்தான் வழியாகத்தான் இணைகிறது என்பதால். கான்டாக்டரை மட்டும் இழுத்தால் மோட்டார் உறுமி நின்று கருகும். தானாகக் கெப்பாசிட்டரைக் கழற்றும் பேனலாகப் பார்த்து மாற்றிய பிறகே தொடுங்கள்.

பொருள்களில் போர்டு, சென்சார், ரிலே, மாட்யூல்கள் எல்லாம் ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் கிடைக்கும். ஞாயிறு போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கான்டாக்டர், ஓவர்லோடு, ஆர்.சி.சி.பி. ஆகியவற்றை எலக்ட்ரிக்கல் கடையில் பில்லோடு வாங்குங்கள். கேட்6 வாங்கும்போது ஒரு கம்பியின் நுனியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம். வெளிப்புற உபயோகத்துக்கான கறுப்பு உறை கேட்டு வாங்குங்கள். சாம்பல் நிறம் மொட்டை மாடி வெயிலில் வெடித்து உதிரும்.

பெட்டி தூசியும் மழையும் புகாத ஐபி65 தரத்தில், கேபிள் நுழையும் துளைகள் அடிப்பக்கம் பார்த்து. கேபிள் பெட்டிக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறட்டும், ஐப்பசி மழை அந்த வளைவிலேயே சொட்டிவிடும். வினிகர் வாசனை அடிக்கும் சிலிகான் பசையால் அடைக்காதீர்கள்; அந்த ஆவி செம்பை அரிக்கும். நியூட்ரல் வகை என்று கேளுங்கள். துளை எதையும் திறந்து விடாதீர்கள். வெதுவெதுப்பான ரிலே பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் பிடித்த இடம், திறந்த வகை கான்டாக்டர் முனைக்குள் எறும்பு நசுங்கி இணைப்பு கிடைக்காமல் போவது சகஜம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோர வீடென்றால் சால்டர் செய்த பக்கம் முழுக்க கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் தடுக்கும் வார்னிஷ் மாதிரிப் பூச்சு) அடிக்க வேண்டும். மடிப்பாக்கத்துக்கும் அடித்தால் நல்லதே. பிளக் இணைப்புகளை, சென்சார் கேபிள் உட்பட, மறைத்துவிட்டு அடியுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மோட்டாரை இணைக்காமல், அதன் இடத்தில் 60 வாட் பல்பு ஒன்றை மாட்டி இரண்டு நாள் விடுங்கள். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள்: மாடி ஃப்ளோட்டைக் கையால் தூக்குங்கள், சம்ப் ஃப்ளோட்டை இறக்குங்கள், சேதி ஜோடியைப் பிடுங்குங்கள், நானோவின் சப்ளையைப் பிடுங்குங்கள், நோட்எம்சியூவின் ரீசெட்டை அழுத்திப் பிடியுங்கள், 12 வோல்ட்டை அணையுங்கள். சேதி வராமல் போகும் இரண்டுக்கு மட்டும் 60 விநாடி காத்திருங்கள். மற்றவற்றில் பல்பு அந்தக் கணமே அணைய வேண்டும். ஏதாவது ஒன்றில் எரிந்துகொண்டே இருந்தால் மோட்டாரை மாட்டாதீர்கள். எதைச் செய்தபோது அணையவில்லை, உங்கள் இணைப்புப் படம் இரண்டையும் எழுதுங்கள், பார்க்கலாம்.